மாலைக்கண்ணும் மாங்கனி நாடும்

நோய்களுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் காட்டிய நுட்பம் தனித்து ஆராய்தற்குரியது. மஞ்சட்காமாலை நிறத்தால் பெற்ற பெயர். யானைக்கால் வடிவத்தால் பெற்ற பெயர். 'மாலைக்கண்' என்னும் பெயரோ பொழுதால் பெற்றதாகும். பகலெல்லாம் நன்கு காணும் ஒருவர், கதிரவன் மறைந்து ஒளி சற்றே மங்கியதும் வழி தடுமாறுவராயின் அவருக்கு மாலைக்கண் என்பர்.

நாகரசம்பட்டியைச் சூழ்ந்த நம் பகுதி தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் எல்லைப்புறமாகும். போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் இம்மொழிகள் யாவும் செவியில் விழும். இந்நோயைத் தெலுங்கர் 'ரேசீகடி' என்பர். கன்னடர் 'இருளுகுருடு' என்பர். உருது பேசுவோர் 'ரதௌந்தி' என்பர். இவை மூன்றும் இரவையும் இருளையும் சுட்டுவன. தமிழ்ப் பெயர் ஒன்றே இரவுக்கு முற்பட்ட அந்திப் பொழுதைச் சுட்டி நிற்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. நள்ளிருளில் எவர்க்கும் கண் தெரியாது. மற்றப் பிள்ளைகள் இன்னும் ஓடியாடிக்கொண்டிருக்கும் அந்தி வேளையில் ஒரு பிள்ளை மட்டும் விளையாட்டை விட்டு வந்து தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நின்றால், சோற்றுத் தட்டைக் கையால் துழாவினால், அப்பொழுதுதான் நோய் புலப்படும். அதனைக் கண்டுணர்ந்தவர் பெரும்பாலும் வீட்டு மூதாட்டியரே. இன்று மின்விளக்கின் வரவால் வீட்டிற்குள் அந்தி என்பதே இல்லாமற் போயிற்று. ஆகவே நோயின் முதல் அறிகுறியும் எளிதில் மறைந்துவிடுகிறது. இதனை நாம் இழப்பாகவே கருதுகிறோம்.

இந்நோய்க்குக் காரணம் உயிர்ச்சத்து 'ஏ' குறைதல் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் அச்சத்தின் கதையையும், அக்கதையில் தமிழகம் வகித்த இடத்தையும், அதில் ஒரு பெண் மருத்துவரின் பெயரையும் நம் மாணவருள் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லாராய்ச்சி ஒன்று; தமிழ்த்துறையினர்க்கு அது பிறவிக் குணம். போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் பங்க் என்னும் அறிஞர் 1912இல் 'வைட்டமைன்' என்னும் சொல்லை ஆக்கினார். உயிருக்கு இன்றியமையாத 'அமைன்' என்னும் வேதிப்பொருள் என்பது அதன் பொருள். இத்தகைய சத்துகள் எல்லாம் அமைன்கள் அல்ல என்பது பின்னர்த் தெரியவந்தது. எனவே 1920இல் டிரம்மண்ட் என்பார் சொல்லின் ஈற்றெழுத்தை நீக்கி 'வைட்டமின்' என்று திருத்தி, ஏ, பி, சி என எழுத்துகளால் வகுத்துரைத்தார். தமிழில் ஆக்கிய 'உயிர்ச்சத்து' என்னும் சொல்லுக்கோ இத்தகைய திருத்தம் தேவைப்படவில்லை. அஃது எந்த வேதிப்பொருளையும் சுட்டாமல் பயனை மட்டும் சுட்டியதால் பிழைத்தது!

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் இருவரும், அதே காலத்தில் ஆஸ்பார்ன், மெண்டல் இருவரும் எலிகளுக்குப் பலவகைக் கொழுப்புகளைத் தந்து ஆராய்ந்து 1913இல் முடிவுகளை வெளியிட்டனர். பன்றிக் கொழுப்பை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றின. வெண்ணெய் உண்டவை மீண்டும் வளர்ந்தன. வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் கொழுப்பல்லாத வேறொன்று உண்டு என்பது அதனால் தெளிந்தது. அதன் வேதியியல் அமைப்பைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் காரர் 1931இல் கண்டறிந்து, 1937இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இச்சத்து கண்ணுக்குள் யாது செய்கிறது? பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'கிதாபுல் மனாஸிர்' என்னும் ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவினார். அவ்வாறு வந்த ஒளி உள்ளே என்னவாகிறது என்பதற்கு விடை காண ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆயின. விழித்திரையில் குச்சி செல்கள் என்றும் கூம்பு செல்கள் என்றும் இருவகைச் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் காண உதவுவன குச்சி செல்கள். அவற்றுள் ரோடாப்சின் என்னும் நிறமி உள்ளது. அது புரதமொன்றும் உயிர்ச்சத்து ஏ-யின் வடிவமான ரெட்டினாலும் சேர்ந்து அமைந்தது. ஒளி பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது. அந்நிமிர்ச்சியே நரம்புச் செய்தியாக மாறி மூளைக்குச் செல்கிறது. பின்னர் ரெட்டினால் புரதத்தை விட்டு நீங்கி மீண்டும் வளைவுற்றுப் புதிய நிறமியாகச் சேர வேண்டும். இச்சுழற்சியில் சிறிதளவு சத்து இழக்கப்பட, அதனை இரத்தம் ஈடுசெய்கிறது. ஈடுசெய்ய இயலாதபோது நிறமி குறைகிறது, அந்தி இருள்கிறது. இதனை விளக்கிய ஜார்ஜ் வால்டு 1967இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

மாலைக்கண்ணோடு நோய் நின்றுவிடுவதில்லை. உயிர்ச்சத்து ஏ உடலின் உள்ளுறைகள் அனைத்தையும் காப்பது. கண், மூச்சுக்குழல், குடல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றின் மென்படலங்கள் ஈரப்பதத்துடன் விளங்குவதற்கும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் செவ்வனே முதிர்வதற்கும், கருவில் உறுப்புகள் உருப்பெறுவதற்கும் அது வேண்டும். குறைவு நேர்ந்தால் முதலில் விழி வெண்படலம் பளபளப்பு நீங்கி உலர்கிறது. கருவிழியின் பக்கத்தே சோப்பு நுரை உலர்ந்தாற்போன்ற சாம்பல் வெண்திட்டு தோன்றுகிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் பிட்டோ 1863இல் விவரித்தமையால் அது பிட்டோ புள்ளி எனப்படுகிறது. அதற்கு மேலும் சென்றால் கருவிழிப் படலமே உலர்ந்து, புண்ணாகி, சில நாள்களில் குழைந்து உருகிவிடும். அதன்பின் எம்மருந்தும் பார்வையை மீட்காது.

இக்கொடிய நிலை பெரும்பாலும் தட்டம்மையை ஒட்டி வரும். அம்மை கண்ட குழந்தையின் உடலில் எஞ்சியிருந்த சத்தும் தீர்ந்துபோகிறது. அதே வேளையில் எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகாது என்று பத்தியமும் வைக்கப்படுகிறது. கண் போனபின் அம்மையின் மீது பழி விழும். ஊரில் முதியோர் சிலரின் வெண்படர்ந்த விழிகளுக்குப் பின்னே இத்தகைய ஒரு குழந்தைப் பருவம் இருக்கக்கூடும். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாள்கள் உயிர்ச்சத்து ஏ தருதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரையாகும். தடுப்பூசி பரவியபின் இத்துயரம் பெரிதும் குறைந்தது.

தமிழகத்தில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. சென்னை அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ரைட் என்னும் ஆங்கில மருத்துவர், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி உருகும் நோயைப் பற்றி 1920களிலேயே எழுதினார். பின்னர்க் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்டும் அவரும் சேர்ந்து, சிவப்புப் பனை எண்ணெயைக் கொண்டு இந்நோய்க்கு மருத்துவம் செய்த முடிவுகளை 1937இல் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது சுத்திகரிக்கப்படாத, செந்நிறம் மாறாத பாமாயில் என்பதை நினைவிற்கொள்க. இன்று நாம் வாங்கும் பாமாயில் வெளிறிய மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், சுத்திகரிப்பில் கரோட்டின் நீங்கிவிடுவதேயாகும். இயற்கை தந்ததை ஆலையில் நீக்கிவிட்டு, பின்னர் அதே எண்ணெயில் உயிர்ச்சத்து ஏ-யைக் கலந்து 'செறிவூட்டப்பட்டது' என்று முத்திரை குத்துவது இக்காலத்து விந்தைகளுள் ஒன்று.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக நெடுங்காலம் விளங்கியவர் சி. கோபாலன். அவர் 1918இல் சேலத்தில் பிறந்தவர். கிருட்டிணகிரி 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன்பின் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்து, 2004இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அவரை நம் மண்ணின் மைந்தர் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. நூறாண்டு நிறைந்து 2019இல் மறைந்தார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பெரும் அளவு உயிர்ச்சத்து ஏ-யைக் குழந்தைகளுக்கு வாய்வழித் தரலாம் என்பது அந்நிறுவனத்தின் கள ஆய்வுகளில் தெரிந்தது. அதன் அடிப்படையில் 1970இல் குருட்டுத்தன்மையைத் தடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று. கொழுப்பில் கரையும் இச்சத்து கல்லீரலில் தங்கும் இயல்புடையது. ஆதலின் ஒருமுறை தந்தது சில மாதங்களுக்கு உதவும். ஆயின் இதனை இடைக்கால ஏற்பாடு என்றே கோபாலன் கருதினார். பிற்காலத்தில், மருந்தை முன்னிறுத்தி உணவை மறக்கும் போக்கை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

இனி, கண்ணைக் கடந்து உயிரைத் தொடும் பகுதிக்கு வருவோம். அமெரிக்க மருத்துவர் ஆல்பிரெடு சோமர் இந்தோனேசியாவில் கண் உலர் நோயை ஆராய்ந்தவர். அங்கே மாலைக்கண்ணை 'கோழிக்குருடு' என்னும் பொருள்பட 'புத்தா அயாம்' என்பர். கோழிக்கும் இரவில் கண் தெரியாதன்றோ! கருவி எதுவுமின்றித் தாயிடம் இச்சொல்லைச் சொல்லிக் கேட்டாலே நோயைப் பெரும்பாலும் சரியாகக் கண்டறியலாம் என்பது அவ்வாய்வுகளில் தெரிந்தது. மக்கள் வழக்குச் சொல் ஒன்று மருத்துவக் கருவியான கதை இது; தமிழ் மாணவர் மகிழத்தக்கது. மாலைக்கண் உற்ற குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக இறக்கின்றனர் என்று சோமர் 1983இல் எழுதினார். ஆச்சே மாநிலத்து 450 ஊர்களில் நடத்திய ஆய்வில், உயிர்ச்சத்து ஏ தந்த ஊர்களில் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 1986இல் வெளியிட்டார். மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. இரண்டு காசு விலையுள்ள ஒரு பொருள் இத்தனை உயிர்களைக் காக்குமா என்று ஐயுற்றது.

அவ்வையத்தைத் தீர்ப்பதில் பெரும்பங்காற்றிய ஆய்வு நம் தமிழகத்தில், அன்றைய திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்தது. நடத்தியவர், மருத்துவர் கோ. வேங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் லைலா ரகுமத்துல்லா ஆவார். அவர்தம் குழுவினரின் முடிவுகள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1990இல் வெளியாயின. மருத்துவ உலகில் அவ்விதழுக்குள்ள மதிப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாய்வின் அமைப்பு அறியத்தக்கது. பள்ளி செல்லாப் பருவத்துக் குழந்தைகள் 15,419 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை உயிர்ச்சத்து ஏ 8,333 அலகும், உயிர்ச்சத்து ஈ 20 மில்லிகிராமும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு உயிர்ச்சத்து ஈ மட்டும் தரப்பட்டது. எந்தக் குழந்தைக்கு எது என்பது தருவோர்க்கும் தெரியாது, பெறுவோர்க்கும் தெரியாது. ஊர்தோறும் நலவாழ்வுத் தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று மருந்தளித்து, குழந்தையின் நலத்தையும் குறித்து வந்தனர். எந்த வாரத்திலும் 88 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தைகளை அவர்கள் சந்தித்தனர். கணக்கிட்டுப் பார்த்தால், ஓராண்டில் ஏறத்தாழ 7 இலட்சம் சந்திப்புகள் ஆகின்றன. வெயிலிலும் மழையிலும் நடந்த அத்தொண்டர்களின் பெயர்கள் எவ்விதழிலும் இல்லை.

அவ்வோராண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். அவற்றுள் 117 விபத்தால் நேராதவை. இரு பிரிவுகளையும் ஒப்பிட்டபோது, உயிர்ச்சத்து ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று வயதிற்குட்பட்டோரும், நெடுநாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியோருமே மிகுந்த பயன் பெற்றனர். மற்றப் பிரிவிலிருந்த குழந்தைகளை எண்ணுங்கால் மனம் கலங்குகிறது. எனினும் ஐயம் தீராதிருந்த அக்காலத்தில், ஐயத்தைத் தீர்த்தாலன்றி உலகின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வழி பிறந்திராது என்பதையும் மறுத்தற்கில்லை.

அடுத்த ஆண்டே அக்குழுவினர் தம் ஆய்விலிருந்து மற்றொரு முடிவையும் மறைக்காமல் வெளியிட்டனர். உயிர்ச்சத்து ஏ தந்ததால் வயிற்றுப்போக்கும் மூச்சு நோய்களும் வருவது குறையவில்லை. குழந்தைகளின் வளர்ச்சியும் மிகவில்லை. பின் இறப்பு எவ்வாறு குறைந்தது? நோய் வாயிலைக் கடந்து வருகிறது. ஆயின் வந்த நோய் உயிரைக் கொண்டுபோகும் வலிமை குன்றுகிறது என்று கொள்ளலாம். தமக்குச் சாதகமான முடிவை முழங்கிவிட்டு மற்றதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டாத இந்நேர்மை, இளநிலை ஆய்வாளர் அனைவரும் கற்க வேண்டியது.

நாம் இவ்வாய்வில் தலையாயதாகக் கருதுவது அளவைப் பற்றியது. வாரத்திற்கு 8,333 அலகு என்பது 2,500 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 357 மைக்ரோகிராம். இது ஒரு குழந்தைக்கு நாள்தோறும் தேவையான அளவையொட்டியதே. உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு என்று அக்கட்டுரையே குறிப்பிடுகிறது. அதாவது, அக்குழந்தைகளைக் காத்தது அரிய மருந்தன்று. அவர்கள் தட்டில் இருந்திருக்க வேண்டிய உணவின் ஒரு கூறு.

அதே 1990இல் ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்திற்கொருமுறை 2 இலட்சம் அலகு தந்தும் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எட்டு ஆய்வுகளை ஒருங்கே நோக்கியோர் சராசரியாக 23 விழுக்காடு இறப்பு குறைகிறது என்று 1993இல் கணித்தனர். மருத்துவர் லைலாவின் குழுவினர் தமிழகத்தில் பிறந்த குழந்தைகளுக்கு முதலிரு நாள்களில் தந்து ஆராய்ந்து, ஆறு மாதத்திற்குள் நேரும் இறப்பு 22 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் எழுதினர். பிறவிடங்களில் அது உறுதிப்படாமையால் உலக நலவாழ்வு நிறுவனம் அம்முறையைப் பரிந்துரைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளை உள்ளடக்கிய மாபெரும் ஆய்வு 2013இல் வெளியானபோது, இறப்புக் குறைவு 4 விழுக்காடு மட்டுமே என்றது. இவ்வேற்றுமைகளைக் கண்டு மருண்டுபோதல் வேண்டா. சத்துக்குறை கடுமையாயுள்ள இடத்தில், தட்டம்மை பரவியுள்ள காலத்தில் கிடைக்கும் பயன், இவை குறைந்த இடத்தில் அவ்வளவாய்க் கிடையாது. 2016-18இல் இந்திய அரசு நடத்திய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் 18 விழுக்காட்டினருக்கு இக்குறை உள்ளது என்றது. ஆகவே அனைவருக்கும் மருந்து தரும் திட்டத்தைக் குறைக்கலாமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். உணவு மாறிவிட்டது என்று உறுதி பெறும்வரை மருந்தைக் கைவிடலாகாது என்பது நம் கருத்து.

இனி நம் ஊரின் தட்டை நோக்குவோம். கிருட்டிணகிரி மாவட்டத்தார் கேழ்வரகுக் களியுண்டு உரம் பெற்றோர். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆயின் உயிர்ச்சத்து ஏ இல்லை என்றே கூறலாம். வெள்ளரிசியிலும் இல்லை. களிக்குத் துணையாகக் கடைந்த கீரையே அக்குறையை நிறைத்தது. கேழ்வரகுக் கொல்லையில் களையோடு களையாகப் பறித்து வந்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, வேலியோரத்து முருங்கை, கிணற்றடிப் பொன்னாங்கண்ணி ஆகியன விலையின்றிக் கிடைத்தன. களைக்கொல்லி தெளிக்கும் வயலில் அக்கீரைகள் இல்லை. களி நின்றது, கீரை போயிற்று.

மாங்கனியோ நம் மாவட்டத்தின் பெருஞ்செல்வம். பழுத்த மாம்பழத்தின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டினை நம் உடல் உயிர்ச்சத்து ஏ-யாக மாற்றிக்கொள்ளும். காயில் அது சிறிதே; பழுக்கப் பழுக்கக் கூடும். கிளிமூக்கு என்று நாம் அழைக்கும் பெங்களூரா மாங்காய், வண்டி வண்டியாகக் கூழாலைகளுக்குச் சென்று, கலங்களில் அடைபட்டு அரபு நாடுகள் வரை பயணம் செய்கிறது. மரத்தடியில் நின்று சுமையேற்றும் தொழிலாளியின் குழந்தை அதில் எத்தனை பழம் உண்டது என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. பருவமும் கோடையின் சில மாதங்களே. எஞ்சிய மாதங்களுக்குப் பப்பாளியும் பரங்கியும் கேரட்டும் கீரையும் உள.

சிவந்த காய்கனியெல்லாம் இச்சத்து மிக்கவை என்பது மயக்கம். இராயக்கோட்டைத் தக்காளியின் செம்மை லைக்கோப்பீன் என்னும் பொருளால் வருவது. அஃது உயிர்ச்சத்து ஏ-யாக மாறாது. பீட்ரூட்டின் செம்மையும் அத்தகையதே. மாறாக, கரும்பச்சைக் கீரையில் கரோட்டின் மிகுதி. பச்சையம் அதன் மஞ்சளை மறைத்து நிற்கிறது. எருமைப்பால் வெளுத்திருப்பதால் சத்தற்றது என்று எண்ணுவோரும் உளர். எருமை தான் உண்ட கரோட்டினைப் பெரும்பாலும் உயிர்ச்சத்தாக மாற்றியே பாலில் தருகிறது. பசுவோ ஒரு பகுதியைக் கரோட்டினாகவே விடுவதால் அதன் நெய் பொன்னிறம் பெறுகிறது.

கீரையைப் பற்றி மிகையாகவும் பேசலாகாது. மேற்குச் சாவகத்தில் பாலூட்டும் தாய்மார்க்குக் கூடுதலாகக் கீரை தந்து ஆராய்ந்தோர், எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று 1995இல் எழுதினர். உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினே ஒரு மைக்ரோகிராம் உயிர்ச்சத்துக்கு ஈடாகும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2001இல் கணித்தது. முன்பு 6 போதும் என்றிருந்தனர். ஆகவே கீரையை மிகுதியாகவும் முறையாகவும் உண்ண வேண்டும். எண்ணெயின்றி வேகவைத்த கீரையில் உள்ள கரோட்டின் குடலில் ஏறாது வீணாகும். நன்கு மசித்து, மூடிய பாத்திரத்தில் வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் ஏறும். நம் பாட்டியர் கடைந்து தாளித்தது சுவைக்காக மட்டுமன்று. வெயிலில் நெடுநேரம் உலர்த்திய கீரைப்பொடியில் சத்து பெரிதும் அழிந்துவிடும். நிழலில் உலர்த்தல் நன்று.

இச்சத்து நேராகவே உள்ள உணவுகளுள் ஈரலுக்கு இணையில்லை. பழங்காலக் கிரேக்க மருத்துவ நூல்களே மாலைக்கண்ணுக்கு ஈரலை உண்ணுமாறு கூறியுள்ளன. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுத்தபின் முதலில் அடுப்பேறுவது ஈரலே. மிளகிட்டு வறுத்து முதலில் குழந்தைகளுக்குத் தருவது நம் இல்லங்களின் வழக்கம். ஆண்டுக்கொருமுறை என்றில்லாமல், மாதம் ஓரிருமுறை சிறிதளவு ஈரல் வாங்கினால் குழந்தைக்குப் பெருநலம். முட்டை நாள்தோறும் ஆகும். சத்துணவில் முட்டை சேர்ந்தது தமிழகத்துக் குழந்தைகளுக்கு வாய்த்த நற்பேறு. ரமலான் நோன்புக் கஞ்சியில் கேரட்டோடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் சேர்ப்போர் சிலர் உளர். பள்ளிவாசல் கஞ்சிக் கொப்பரையில் அது பொதுவழக்கானால் எத்துணை நன்று!

மிகையாலும் தீங்குண்டு என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் எந்த மருந்தின் பெயரையும் கூறாமல் அளவைப் பற்றியே பேசுவது ஈண்டு நினையத்தக்கது. உணவிலுள்ள கரோட்டின் மிகுந்தால் உள்ளங்கை மஞ்சளாகும், வேறு கேடில்லை. மாத்திரையாகவோ மருந்தாகவோ உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் தலைவலி, வாந்தி, கல்லீரல் கேடு வரும். கருவுற்ற பெண் மிகையாக உட்கொண்டால் கருவின் உறுப்புகள் ஊனமுறக்கூடும். அதனால் அக்காலத்தில் ஈரலையும் அடிக்கடி உண்ணாதிருத்தல் நன்று. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் என்னும் மருந்தும் இதன் இனமே. மருத்துவர் சீட்டின்றித் தோழியின் மாத்திரையை வாங்கி விழுங்கும் வழக்கம் விடுதிகளில் உண்டென்று கேள்விப்படுகிறோம். அதனினும் கேடு பிறிதில்லை. 2001 நவம்பரில் அசாம் மாநிலத்தில் உயிர்ச்சத்து முகாமையொட்டிக் குழந்தைகள் பலர் நோயுற்றனர். மருந்தளக்கும் கரண்டிக்கு மாற்றாகப் பெரிய கோப்பை தரப்பட்டது பெருஞ்சர்ச்சைக்குள்ளானது.

அரசுத் திட்டத்தில் குழந்தைக்கு 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒரு மில்லிலிட்டர், அதாவது ஓர் இலட்சம் அலகும், 16 முதல் 18 மாதத்திற்குள் 2 இலட்சம் அலகும், பின்னர் ஆறு மாதத்திற்கொருமுறை அதே அளவும், ஐந்து வயது வரை மொத்தம் ஒன்பது முறை தரப்படும். முதல் இரண்டு முறை தடுப்பூசியோடு சேர்ந்து வருவதால் தவறுவதில்லை. அதன்பின்னர் தவறுவதே மிகுதி. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைப்பணிக்காகப் பிறமாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் வாழ்வோரின் குழந்தைகள் எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலும் இடம்பெறாமற் போகக்கூடும். அவர்களை அழைத்து வந்து பெயர் எழுதுவிப்பது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யக்கூடிய பணி.

பிறந்த குழந்தையின் கல்லீரலில் இச்சத்தின் இருப்பு மிகச் சிறிது. அதனை நிறைப்பது முதல் சில நாள்களில் சுரக்கும் பொன்னிறச் சீம்பால். அதனைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதன்பின் தாய்ப்பால், ஈராண்டு நிறையப் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் பேசுவது நம் இல்லங்கள் அறிந்ததே. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 950 மைக்ரோகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. கருவுறாத பிற பெண்களுக்கு 840. மாம்பழம் இல்லாத ஐப்பசி மாதத்தில் நாகரசம்பட்டியின் ஓர் எளிய வீட்டில் இதற்கு வழி யாது? காலையில் ஒரு முட்டை. நண்பகலில் களியோடு எண்ணெயில் தாளித்த முருங்கைக்கீரை ஒரு கிண்ணம் நிறைய. மாலையில் பப்பாளித் துண்டு இரண்டு. இரவில் ஒரு குவளைப் பால். முருங்கையும் பப்பாளியும் கொல்லையில் வைத்தால் அவ்விரண்டிற்கும் விலையில்லை.